சுவருக்கு இரண்டு பக்கமும் துளை

போர் போடுகிற தொழிலில் ஒரு சௌகரியம், நாம் செய்த வேலையை யாரும் எட்டிப் பார்த்துக் குறை சொல்ல முடியாது. ஒரு சங்கடம், தண்ணீர் வராவிட்டால் பார்க்காமலேயே சொல்வார்கள். ஆரணியில் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் நான் வாங்கிய பேச்சையெல்லாம் துளைக்குள் கொட்டியிருந்தால் பாதித் துளைகள் மூடிப்போயிருக்கும். இத்தனைக்கும் வண்டி என்னுடையதல்ல. திருச்செங்கோட்டுப் பக்கத்து முதலாளி ஒருவருடையது. ஆள் பிடிப்பது, வண்டி வரும்வரை வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்துவது, தண்ணீர் வராவிட்டால் வண்டி போன பிறகும் சமாதானப்படுத்துவது, இதெல்லாம் உள்ளூர் ஏஜென்ட்டான என் தலையெழுத்து.

வாசலில் வண்டி இரைய, துளையிலிருந்து தண்ணீருக்குப் பதில் கல்தூசு வெள்ளைப் புகையாகக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு, குலதெய்வத்திலிருந்து கூப்பிட ஆரம்பித்தவர்கள் உங்களில் எத்தனை பேரோ தெரியாது. நீங்கள் எல்லாரும் நம்ம கட்சிதான். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். எவ்வளவோ தெருக்களில் போர் போட்டேன், எவ்வளவோ பேர் திட்டினார்கள், எல்லாம் மறந்துவிட்டது. மறக்காமல் நெஞ்சில் கிடப்பது ஒரே ஒரு வீடு. பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஏகாம்பரம் வீடு. அந்த வீட்டுக் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியை நிறுத்திய கஞ்சி

ஏகாம்பரம் முதன்முதலில் என்னைக் கூப்பிட்டபோது அவரும் தம்பி சம்பத்தும் ஒரே வீட்டில் ஒரே உலைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை. அண்ணன் தொட்டியில் கை வைத்தால் அரக்கு அரக்காகவே நிற்கும், மாம்பழ மஞ்சள் மாம்பழமாகவே இருக்கும். சாயம் போட்ட நூலைத் தம்பி சைக்கிளில் வைத்து முள்ளிப்பட்டுத் தறிக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான். பட்டறைக்குத் தண்ணீர் கொடுத்துவந்த பழைய கேணி வற்ற ஆரம்பித்திருந்தது. பட்டுச் சாயக்காரனுக்கு நல்ல தண்ணீர் போனால் பிழைப்பே போச்சு, உப்புத் தண்ணீரில் நிறம் பிடிக்காது. அதனால்தான் போர்.

காலையில் வண்டி தெருமுனைக்கு வந்தால், தெரு நெடுகப் பாவு நீட்டியிருக்கிறது. புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் நீவிக் காயவைப்பார்கள். அது நிற்கும்போது சைக்கிள்காரன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவான். எங்கள் ஆபரேட்டர் பழனியப்பன் கொங்குநாட்டு ஆள். தங்கமான மனுஷன், அவசரம் மட்டும் ஜாஸ்தி. "ஏனுங்க, கொஞ்சம் ஓரமாப் புடிச்சுக்கிட்டாப் போயிருவனுங்க" என்று ஹாரன் அடித்தார். பாவுக்காரி ராஜம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் போய், "ஜல்தியா முடிங்கக்கா, வண்டி நிக்குது" என்று வாயைக் கொடுத்தேன். ராஜம்மா கஞ்சிச் சட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "வண்டி நின்னா டீசல்தான் போவும். கஞ்சி நின்னா பாவே பூடும். அப்படி ஓரமா குந்து தம்பி."

டீச்சரின் மாம்பழம்

துளையிலிருந்து மேலே வருகிற மண்ணை, ஒவ்வொரு ராடு இறங்கியதும் ஒரு கை அள்ளித் தரையில் வரிசையாகக் குவித்து வைப்பது எங்கள் வழக்கம். கீழே என்ன இருக்கிறதென்று எங்களுக்குச் சொல்கிற ஜோசியம் அதுதான். ஏகாம்பரம் வீட்டில் முதலில் செம்மண் வந்தது. அப்புறம் சாம்பல் நிறக் களிமண், அப்புறம் சுக்கான் கல், அதற்கும் கீழே கையால் நசுக்கினால் உதிர்கிற மக்கின பாறை, கடைசியில் கருங்கல் பொடி. பக்கத்து வீட்டு கமலா டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுப்பவர். குவியல்களைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் காட்ட ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டார்.

பொட்டலத்துக்குப் பதிலாக எங்களுக்கும் பாடம் நடத்தினார். இதெல்லாம் பூமியின் மேலோடாம், வெறும் தோல். அந்தத் தோல் மட்டுமே ஆரணியிலிருந்து போளூர் போகிற தூரத்தைவிட ஆழமாம். அதற்குக் கீழே கவசம் என்று ஒரு அடுக்கு, அதுவும் பாறைதான், ஆனால் அங்கே உள்ள சூட்டில் அந்தப் பாறையே மெள்ள மெள்ள நகருமாம். அதற்கும் கீழே கருவம். கருவத்தில் வெளிப்பக்கம் உருகின இரும்பு, நட்ட நடுவில் கெட்டி இரும்பு. "நீங்க எறக்கற ராடு, மாம்பழத்துத் தோல்ல ஊசி முனை பட்ட மாதிரிகூட இல்ல" என்றார். சம்பத் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஏகாம்பரம், "பாத்தியா, இம்மாம் பெரிய பழத்து மேல குந்திகினுதான் நாம சாயம் போடறோம்" என்று தம்பி தோளைத் தட்டினார்.

பழனியப்பன் மட்டும் ராடு மாட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "அந்த இரும்புக்குப் பக்கத்துல தண்ணி இருக்குங்களா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்றார் டீச்சர். பழனியப்பன் திரும்பி லீவரைப் பிடித்தார்: "அப்ப அங்க நமக்கென்ன சோலிங்க?"

போர்வை போர்த்திய தறி

நூற்றைம்பது அடிக்குப் பக்கத்தில் கருங்கல்லில் ஒரு வெடிப்பு தட்டியது. கேப் என்று எங்கள் பாஷை. கருங்கல்லில் தண்ணீர் இருந்தால் அந்த வெடிப்பில்தான் இருக்கும், மற்ற இடமெல்லாம் வெறும் கல். தண்ணீர் பீறிட்டு ஓட்டு விளிம்பு வரைக்கும் ஏறியது. ஏகாம்பரம் உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "கல்கண்டுடா" என்று தம்பிக்கும் ஒரு கை கொடுத்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் தலையோடு நனைந்துகொண்டு நின்றார்கள்.

நனைகிற சந்தோஷத்தில் ஒன்று மறந்துபோச்சு. தூசு படக்கூடாதென்று வீட்டுக்குள் தறியில் இருந்த புடவைக்குப் போர்வை போட்டிருந்தோம். அடுப்படிக்கு மண் அணை போட்டோம். சாயத்தொட்டியைப் பலகையால் மூடினோம். ஆனால் நெசவு வீட்டில் எல்லாவற்றையும்விடப் பள்ளமான இடம் எது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காலைத் தொங்கவிட்டு மிதிக்கத் தரையில் தோண்டியிருக்கிற தறிக்குழிதான் அது. சம்பத்தின் மனைவி செல்வி ஒரு கல்யாணப் புடவையைப் பாதி நெய்து வைத்திருந்தாள். கல்பொடி கலந்த சேறு சத்தமில்லாமல் அந்தக் குழியில் இறங்கி, சாயங்காலத்துக்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. மிதிகட்டையும் கயிறும் உள்ளே சமாதி. மேலே போர்வை மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

சம்பத் ஓடிவந்து சொன்னான். ஏகாம்பரம் அப்போது தண்ணீரைத் தவிர வேறு எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. "அதான் தண்ணி வந்துச்சில்ல, வுட்றா" என்றார். மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் செல்வி நிலைப்படியில் நின்று கேட்டுவிட்டாள். மறுநாள் அவளே உளி எடுத்துக் குழியைக் கொத்திக்கொண்டிருந்தாள். நான் கடப்பாரையோடு உதவிக்குப் போனேன். நிமிராமலே சொன்னாள்: "தண்ணி அவங்களுக்கு வந்துச்சுண்ணா. சேறு எங்களுக்கு வந்துச்சு."

வால்வு எந்தப் பக்கம்

குழியிலிருந்து சேறு போனது, வீட்டிலிருந்து பேச்சு போகவில்லை. செல்வி ஒன்று சொல்ல, ஏகாம்பரத்தின் மனைவி வேதவல்லி ஒன்று சொல்ல, சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது பெரிசாகி, நாலைந்து வருஷத்தில் வீட்டு நடுவில் ஒரு சுவர் எழும்பியது. முன்வாசலில் ஆரம்பித்துப் பின்கட்டு முடிய ஒரே சுவர். சம்பத் தன் பங்கில் தனியாகச் சாயத்தொட்டி கட்டிக்கொண்டான். போர் அண்ணன் பக்கம் விழுந்தது. பாகம் பிரிக்க வந்த பெரிய மனுஷர்கள் நியாயமாகத்தான் முடிவு பண்ணினார்கள்: சுவரில் ஓட்டை போட்டு ஒரு குழாய் விடுவது, தினமும் காலையில் தம்பி தொட்டி நிறையத் தண்ணீர் விடுவது. சாப்பாடு நன்றாக இருந்தது, எழுந்து போய்விட்டார்கள். குழாயின் வால்வு அண்ணன் பக்கத்தில் இருந்தது.

மழைக்காலத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கோடை வந்தது. ஏகாம்பரம் தன் தொட்டி அரைகுறையாக இருக்கிறதென்று வால்வை முன்னாலேயே மூட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் சம்பத் நூலைச் சாயத்தில் போட்டுவிட்டு அலசத் தண்ணீருக்குக் காத்திருப்பான். பாதியில் தண்ணீர் நின்றால் நூல் திட்டுத் திட்டாகப் போய்விடும். அவன் சுவரைத் தட்டுவான். இவர் காதில் விழாத மாதிரி இருப்பார். சம்பத் என்னிடம் வந்தான், நான் அவரிடம் போனேன். ஏகாம்பரம் என்னை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்: "எந்தம்பிக்கு இல்லன்னு நான் சொன்னனா தாமு? என் தொட்டி ரொம்பட்டும்னுதானே சொல்றேன்."

தேங்காய் நின்ற இடம்

அடுத்த கோடையில் சம்பத் தனிப் போர் போடவேண்டும் என்று வந்து நின்றான். நான் வேண்டாம் என்றேன். சத்தியமாகச் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் அடியில ஒரே கல்லு சம்பத்து. அண்ணன் போருக்கு நாலு முழம் தள்ளிப் போட்டா அதே தண்ணியதான் ரெண்டா பிரிக்கப்போற. நான் பிளம்பரைக் கூப்டுகினு வரேன், வால்வ ரெண்டு பேர் கைக்கும் எட்டற மாதிரி செவுத்து மேல வெச்சிடலாம்" என்றேன். வால்வை மாற்றி வைக்கலாம், ஆனால் அதைக் கேட்க அண்ணன் வாசலுக்குப் போகவேண்டுமே. அதைவிட அறுநூறு அடி தோண்டிவிடுவேன் என்கிற முகத்தோடு நின்றான். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். வீடு ரெண்டுபட்டால் போர்க்காரனுக்குக் கொண்டாட்டம்தான். நான் மாட்டேன் என்றால் பஜாரில் இன்னும் பத்து ஏஜென்ட் இருக்கிறான். எனக்கு அன்றைக்குக் கொண்டாட்டமாக இல்லை, அவ்வளவுதான் சொல்லமுடியும்.

நீரோட்டம் பார்க்க தெள்ளார் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடப்பார். தண்ணீர் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். சம்பத் வீட்டுப் பின்கட்டு நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்தார், பின்னால் ஓடுகிற சந்துப் பக்கம் வந்ததும் தேங்காய் சடக்கென்று நின்றது. அண்ணன் சுவரை ஒட்டினாற்போல். சம்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது, கும்பிட்டான். நான் அவரைத் தனியே கூப்பிட்டு, வேறு எங்கும் நிற்காதா, சுவரை விட்டு இரண்டடி தள்ளியாவது நிற்காதா என்று கேட்டேன். அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "சந்துல வண்டி எங்க நிக்குமோ, அங்கதாங்க தேங்காயும் நிக்கும்."

சுவருக்கு அந்தப் பக்கம்

பழனியப்பன்தான் வண்டியோடு வந்தார். அதே செம்மண், அதே களி, அதே சுக்கான், அதே வரிசை. நூற்றைம்பது அடியை நெருங்கும்போது துளையிலிருந்து வந்துகொண்டிருந்த புகை திடீரென்று நின்றுவிட்டது. கம்ப்ரசர் இரைகிறது, காற்று எங்கே போகிறதென்று தெரியவில்லை. பழனியப்பன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வேதவல்லி அண்ணி கத்துகிற சத்தம் கேட்டது.

சுவரில் ஏறிப் பார்த்தேன். ஏகாம்பரத்தின் போரிலிருந்து தென்னை உயரத்துக்குச் சேறு கிளம்பிக் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இந்தப் பக்கம் செலுத்திய காற்று அடியில் அந்த வெடிப்பு வழியாகப் போய் அண்ணன் போரில் ஏறிவிட்டது. அன்றைக்கு அவர் ஒரு பெரிய ஆர்டரை முடித்து, அரக்கும் மஞ்சளுமாக நூல் சிட்டங்களை மூங்கிலில் மாட்டிக் காயப்போட்டிருந்தார். அத்தனையும் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிட்டது. பழனியப்பன் கம்ப்ரசரை நிறுத்தினார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தேன். சண்டை வரும், அரிவாள் வரும் என்று பயந்தேன். ஏகாம்பரம் ஒரு சிட்டத்தை எடுத்துப் பிழிந்தார், கல்பொடித் தண்ணீர் ஒழுகியது, மறுபடி மூங்கிலிலேயே மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அதைவிட அடித்திருக்கலாம். சம்பத் சுவர் ஓரமாக நின்று, இது எப்படி அந்தப் பக்கம் போனது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். பழனியப்பன் கையைத் துடைத்தபடி சொன்னார்: "செவுரு மேலதானுங்க கட்டியிருக்கீங்க. அடியில ரெண்டும் ஒரே வூடுங்க."

வெந்நீர் வந்த ஆழம்

அதோடு நிறுத்தியிருக்கலாம், இல்லையா. யார் நிறுத்துகிறார்கள்? ஒரே வெடிப்பில் இரண்டு மோட்டார். யார் முதலில் சுவிட்ச் போடுகிறாரோ அவருக்குத் தண்ணீர், மற்றவருக்குக் காற்று. தம்பி கோழி கூப்பிடப் போட்டால் அண்ணன் அதற்கும் முன்னால் போட்டார். அப்புறம் அண்ணன் போரை ஆழப்படுத்தினார். அப்புறம் தம்பி. அப்புறம் மறுபடி அண்ணன். மழையில்லாத வருஷங்கள் வேறு வந்து சேர்ந்தன. ஒரு கட்டத்தில் இந்த வீட்டுக்கு நான் வண்டி அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு ஏஜென்ட் அனுப்பினான். பேஜாரான தொழில் சார் இது.

எழுநூறு அடிக்கும் கீழே போனபோது தண்ணீர் வந்தது, வெதுவெதுவென்று வந்தது. வாயில் வைத்தால் உப்புக் கடுப்பு. சாயம் போடுமுன் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுக்கவேண்டும். இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை, தயிர் மாதிரி திரிந்து நூலில் ஒட்டிக்கொண்டது. கை வைத்தால் அரக்கு நிற்கும் என்று பெயர் வாங்கிய ஏகாம்பரம் போட்ட அரக்கு, செங்கல் நிறத்தில் வந்தது. பஜார் முதலாளி நூலைத் திருப்பி அனுப்பினார். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கமலா டீச்சர் சொன்னார், பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறத்தான் செய்யுமாம். அண்ணன் வாசலில் சொல்லிவிட்டு, அதையே போய்த் தம்பி வாசலிலும் நின்று சொன்னார். இரண்டு வீட்டிலும் பேசுகிறவர் தெருவில் அவர் ஒருவர்தான் மிச்சம். "ரொம்ப நாளு கல்லுலயே கெடந்த தண்ணி, கல்லையும் கரைச்சுகினுதான் வரும். மேல இருந்தது மழைத் தண்ணிங்க. அத நீங்க ரெண்டு பேருமா சேந்து காலி பண்ணிட்டீங்க."

லாரி நிழல்

கடைசியில் அந்தக் கடுப்புத் தண்ணீரும் நின்றது. போளூர் ரோட்டுக் கழனிக் கிணறுகளிலிருந்து லாரியில் தண்ணீர் வர ஆரம்பித்தது. லாரி சரியாக அந்தச் சுவருக்கு நேராக நிற்கும். இந்தப் பக்கம் ஒரு ஓஸ், அந்தப் பக்கம் ஒரு ஓஸ். அண்ணன் ஒரு சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பார், தம்பி இன்னொரு சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பான், ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க இரண்டு பேருமே லாரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்படியே இரண்டு கோடை போனது.

ஏகாம்பரத்துக்கு இருமல் வந்து உடம்பு பாதியாகிவிட்டது. ஒருநாள் லாரி நிழலில் என்னைப் பார்த்துவிட்டு, வந்து பக்கத்தில் குந்தினார். என்மேல் அவருக்குக் கோபம் இருக்குமென்று நினைத்திருந்தேன், இல்லை. முதல் நாள் வந்த தண்ணீரைப் பற்றிப் பேசினார், கல்கண்டு என்று சொன்னதைப் பற்றிப் பேசினார். சம்பத் அந்தப் பக்கம் ஓஸைப் பிடித்துக்கொண்டு முதுகு காட்டி நின்றான், காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. ஏகாம்பரம் எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வெலத் தண்ணிய தொட்டியில ஊத்தலாம் தாமு. நான் பூட்டா எம்மேல ஊத்த வாணாம். இந்த வூட்டுத் தண்ணி ஒரு கொடம் இருந்தா போதும்."

ஒரு குடம்

அவர் போன அன்று காலையில் சம்பத் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அழவில்லை. "கம்ப்ரசர் ஒண்ணு வேணும்ண்ணா. ஒரு கொடம் வந்தா போதும்" என்றான். அன்றைக்கு லாரிக்கு அந்தப் பக்கம் நின்றவன் காதில் விழுந்திருக்கிறது. பழைய போருக்குள் காற்றை அடித்துச் சுத்தம் பண்ணுவதை ஃப்ளஷிங் என்போம். அடியில் கசிந்து நின்ற தண்ணீர் கொஞ்சநஞ்சம் இருந்தால் மேலே வரும். டிராக்டரில் வைத்த கம்ப்ரசர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனேன். அண்ணன் பக்கம் பந்தலும் பறையும் ஜனமுமாக நுழைய இடமில்லை. அதனால் சந்து வழியாகப் போய்த் தம்பி போரில்தான் குழாயை இறக்கினோம்.

வெள்ளைப் புகை வந்தது. மறுபடி புகை. கொஞ்சம் நிறுத்தி மறுபடி அடித்தோம், அதுவும் புகை. வெயில் ஏறிவிட்டது, லாரித் தண்ணீரும் தண்ணீர்தானே, எடுக்கவேண்டியதை எடுங்கள் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சம்பத் காலியான குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு துளைக்குப் பக்கத்தில் நின்றான். என் தொழிலில் எத்தனையோ தடவை புகையைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு மாதிரி நான் சாமி கும்பிட்டதில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்வியின் குரல் கேட்டது. "இங்க வருது. மாமா பக்கம் வருதுங்க" என்றாள்.

சம்பத் சுவரைச் சுற்றி ஓடினான். பாகம் பிரித்த பிறகு அவன் அண்ணன் பின்கட்டில் கால் வைத்தது அன்றைக்குத்தான். ஏகாம்பரத்தின் போரிலிருந்து பொங்கிப் பொங்கிச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஒரு குடத்துக்கு மேல் கொஞ்சம். செல்வி முந்தானையை மடித்துப் பிடித்தாள், வேதவல்லி அண்ணி சொம்பால் மொண்டு ஊற்றினார், வடிகட்டிக் குடத்தில் நிறைத்தார்கள். தறிக்குழியைக் கொத்திய அதே செல்வி. குடத்தைத் தூக்கித் தோளில் வைத்த சம்பத், சுவரில் துருப்பிடித்துத் தொங்கிய அந்தப் பழைய வால்வுக்கு முன்னால் நின்றுவிட்டான். அதை ஒரு கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னான்: "இன்னிக்குத்தாண்ணா எங்கண்ணன் மூடாம வுட்டிருக்காரு."

அடுத்த வருஷமே மழை கொட்டு கொட்டென்று கொட்டி, இரண்டு போரிலும் கயிறு விட்டு மொண்டுகொள்கிற உயரத்தில் தண்ணீர் வந்து நின்றது. கல்கண்டு மாதிரி இருந்ததாம். சம்பத் எனக்கு ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தான், என்னால் குடிக்க முடியவில்லை. பூமிக்குள் மேலோடு, கவசம், கருவம் என்று டீச்சர் அடுக்கடுக்காகச் சொன்னாரே, எங்கள் ராடு தொட்ட மட்டும் நான் பார்த்ததில் எதற்கும் மசியாத கெட்டிப் பாறை தரைக்கு மேலேதான் இருக்கிறது.